ஏழு எண்ணத் தெரிந்த பெட்டி: வீட்டிலேயே ஒரு சீக்வென்சர்

கடையில் கிடைக்கும் ஸ்டெப் சீக்வென்சர்களில் (ஸ்வரங்களைப் படிப்படியாக வரிசையிட்டு வாசிக்கவைக்கும் பெட்டிகள்) பெரும்பாலானவற்றின் முகத்தில், படிக்கு ஒன்றாகப் பதினாறு பொத்தான்கள் வரிசைகட்டி நிற்கும். நாலு நாலாக எண்ணும் பாட்டுக்கு அது கச்சிதம். ஆதி தாளத்துக்கும் குறையில்லை. ‘தகிட தகதிமி’ என்று ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவை உள்ளே இறக்கும்போதுதான் இடிக்கத் தொடங்கும். கடைசிப் படியை ஏழிலோ பதினாலிலோ நிறுத்திக்கொள்ளப் பல கருவிகள் விடும், அதுவரை சமாளிக்கலாம். ஒரு தடத்தில் (தனியாக ஓடும் ஒரு வரிசை) தட்டுக்கு நாலு, இன்னொரு தடத்தில் அதே தட்டுக்கு ஐந்து, இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் கைகோத்து விழவேண்டும் என்று கேட்டால் பல கருவிகள் கையை விரித்துவிடும். சொந்தமாக ஒன்றைக் கட்ட அந்தக் காரணம் ஒன்றே போதும். காசு மிச்சமாகும் என்று மட்டும் இறங்காதீர்கள். ஈயம், மல்டிமீட்டர், இரண்டு முறை தப்பாகத் துளைபோட்ட அலுமினியத் தகடு எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. எண்ணிக்கை நம் கைக்கு வரும், அதுதான் ஆதாயம்.

சீக்வென்சர் தானாக ஓசை எழுப்பாது. எந்த நேரத்தில் எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம் என்று சிந்தசைசருக்கோ டிரம் கருவிக்கோ சொல்லிக்கொண்டே இருக்கும் மேஸ்திரி அது. வேலை செய்வது மற்றவர்கள். நேரம் தவறினால் பழி மேஸ்திரிக்கு.

இங்கே இருப்பது கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு ஐசி கருகினால் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போகவேண்டும். மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்துவிட்டால் கூரியரும் வராது. எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு ஐசியிலும் ஒன்று கூடுதலாக வாங்கிவையுங்கள். ஐசியை நேராக போர்டில் பற்றவைக்காமல் ஐசி பேஸில் செருகுங்கள்.

முதலில் ஒரே வயரில் ஏழு

புரோகிராம் எழுத உட்காருமுன் ஒரு மாலைப்பொழுதில் கட்டிப் பார்க்கவேண்டியது என்இ555, சிடி4017 ஜோடி. 555 துடிப்பைத் தரும்; 4017 ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த காலுக்கு வோல்ட்டேஜை நகர்த்தும். 555இல் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், முதல் ரெசிஸ்டர் 10 கிலோஓம், இரண்டாவது 85 கிலோஓம் வைத்தால் வினாடிக்கு 8 துடிப்பு வரும். நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நாலு படி என்ற கணக்கு அதுதான். இரண்டாவது ரெசிஸ்டருக்குப் பதில் 10 கிலோஓமும் 100 கிலோஓம் பாட்டும் (திருகினால் ஓம் மாறும் பொட்டென்ஷியோமீட்டர்) தொடராகப் போட்டால் வேகத்தைத் திருகிக்கொள்ளலாம்.

4017இல் 14ஆம் கால் துடிப்பு வாங்குவது, 13ஐ கிரவுண்டில் கட்டவேண்டும், 15 ரீசெட். பத்துப் படிகள் 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11 என்ற கால்களில் வரிசையாக வரும். வரிசை இப்படித் தாறுமாறாக இருப்பதால்தான் முதல்முறை கட்டுபவர்களுக்கு ஸ்வரங்கள் இடம் மாறி ஒலிக்கின்றன. ஐசி பழுது என்று தூக்கிப்போட வேண்டாம். எட்டாவதாக வரும் 6ஆம் காலிலிருந்து 15க்கு ஒரு வயர் இழுத்தால் போதும், எட்டாம் படி எட்டிப்பார்த்த கணமே எண்ணிக்கை முதலுக்குத் திரும்பிவிடும். ஏழு. ஒரு வரி புரோகிராம் இல்லாமல் மிஸ்ர சாபு.

ஒவ்வொரு படிக்கும் ஒரு 10 கிலோஓம் பாட், அதன் நடுக்காலிலிருந்து ஒரு 1என்4148 டையோடு, எல்லா டையோடுகளும் ஒரே வயரில் சேர்ந்து சிந்தசைசருக்கு. மலைக்கு மேல் இதன் குறை சீக்கிரமே தெரிந்துவிடும். டையோடில் விழும் சுமார் 0.6 வோல்ட், வெப்பம் ஒரு டிகிரி கூடும்போது ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். ஒரு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) ஒரு வோல்ட் என்ற வழக்கில் ஒரு அரைஸ்வரம் 83.3 மில்லிவோல்ட். ஜனவரிக் காலையில் 8 டிகிரியில் சுருதி சேர்த்த பெட்டி, வெயில் ஏறி அறை 20 டிகிரிக்கு வரும்போது 24 மில்லிவோல்ட் ஏறியிருக்கும். அரைஸ்வரத்தில் கால் பங்குக்கும் மேல் அது. குளிரில் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் கொள்ளளவு சுருங்குவதால் காலையில் வேகமும் கூடும். விளையாட்டுக்குப் பரவாயில்லை, இன்னொரு கருவியோடு சேர்ந்து வாசிக்க ஆகாது.

நிரந்தரப் பெட்டிக்கு

மூளைக்கு ஆர்டுயினோ நானோ ஒன்று. 16 மெகாஹெர்ட்ஸ், 5 வோல்ட், நினைவகம் 2 கிலோபைட். கொசுறுபோலத் தெரிந்தாலும் நாலு தடத்துக்குத் தாராளம். பொத்தான்கள் 16, அவற்றைப் படிக்க 74எச்சி165 இரண்டு. எல்இடி 16, அவற்றை எரிக்க 74எச்சி595 இரண்டு, 1 கிலோஓம் ரெசிஸ்டர் 16. ஒரு எல்இடி சுமார் 3 மில்லிஆம்பியர் இழுக்கும். ஒரு 595 முழுவதும் எரிந்தாலும் 24தான், அந்த ஐசியின் மொத்த வரம்பான 70ஐ எட்டாது. ஸ்வரத்துக்கு 10 கிலோஓம் பாட் எட்டு, அவற்றை ஒரே காலில் படிக்க சிடி4051 ஒன்று. வேகத்துக்கும் மெனுவுக்கும் சுழல் என்கோடர் ஒன்று. எண் காட்ட மேக்ஸ்7219 டிஸ்பிளே ஒன்று. மிடிக்கு (இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி) ஐந்து கால் டின் சாக்கெட் இரண்டு, 6என்138 ஒன்று. அனலாக் சிந்தசைசருக்கு எம்சிபி4822 (எண்ணை வோல்ட்டாக மாற்றும் டிஏசி) ஒன்று, 3.5 மில்லிமீட்டர் ஜாக் இரண்டு. ஒவ்வொரு ஐசியின் பவர் காலடியிலும் 0.1 மைக்ரோஃபாரட் (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்), பவர் நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட்.

கடைக்காரர் பாட் எடுத்துக் கொடுக்கும்போது முதுகைப் பாருங்கள். பி10கே என்று இருக்கவேண்டும். ஏ10கே என்றால் அது வால்யூமுக்கு உரிய லாக் வகை. பாதி தூரம் திருகியும் ஸ்வரம் ஏறாது, மீதிப் பாதியில் இரண்டு ஆக்டேவும் அவசரமாக ஓடிவிடும். பத்துக்குப் பதில் 100 கிலோஓம் பாட்டும் வேண்டாம். நானோவின் அளவீட்டுக் கால் 10 கிலோஓமுக்கு உட்பட்ட மூலத்தை எதிர்பார்க்கிறது. 100 கிலோஓம் பாட் நடுவில் நிற்கும்போது 25 கிலோஓமாகத் தெரியும். 4051 ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது முந்தையதன் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது நாபைத் திருகினால் நாலாவது படியின் ஸ்வரமும் அசையும். பேய் வேலை என்று தோன்றும், ஓம் வேலை.

165இன் எட்டு உள்ளீட்டுக் கால்களுக்கும் தனித்தனியே 10 கிலோஓம் புல்-அப் (காலை 5 வோல்ட்டோடு கட்டிவைக்கும் ரெசிஸ்டர்) வேண்டும். நானோவுக்குள் இருப்பதுபோல இந்த ஐசிக்குள் அது கிடையாது. விட்டுவிட்டால் யாரும் தொடாத பொத்தான்கள் தாமாக அழுந்தும். போர்டுக்கு மேல் கையைக் கொண்டுபோனாலே படிகள் எரிந்து அணையும்.

அழகான ஓஎல்இடி திரையை விட்டுவிட்டு, எண் மட்டும் காட்டும் மேக்ஸ்7219ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 128க்கு 64 திரையை முழுக்க வரைய 1024 பைட் தேவை. நானோவின் நினைவகத்தில் அதுவே பாதி. அந்த 1024 பைட்டை ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியில் 400 கிலோஹெர்ட்ஸில் தள்ள குறைந்தது 23 மில்லிவினாடி, வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸில் 92. நிமிடத்துக்கு 120 தட்டில் ஒரு படியே 125 மில்லிவினாடிதான். திரை மாறும் ஒவ்வொரு முறையும் மிருதங்கத்துக்குப் பின்னால் கஞ்சிரா தடுக்கி விழுவதுபோலக் கேட்கும். திரை வேண்டும் என்று அடம்பிடித்தால் பெரிய கன்ட்ரோலருக்குப் போய்விடுங்கள், நானோவில் வேண்டாம்.

840

இந்தப் பெட்டியின் உயிர் இந்த எண்.

மிடி என்ற பொதுமொழி 1983இல் வந்தது. அதில் ஒரு தட்டுக்கு 24 துடிப்பு. 24ஐ மூன்றாலும் வகுக்கலாம், நாலாலும் வகுக்கலாம். தட்டுக்கு மூன்றான திஸ்ரமும் நாலான சதுஸ்ரமும் சுத்தமாக உட்காரும். ஐந்தால் வகுத்தால் 4.8. துடிப்பைப் பாதியில் வெட்ட முடியாது என்பதால் ‘தகதகிட’ 5, 5, 5, 5, 4 என்று விழும். 120 வேகத்தில் முதல் நாலு எழுத்துக்கும் 104 மில்லிவினாடி, கடைசி எழுத்துக்கு 83. காதில் அது நடையாக விழாது. ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல நொண்டும். மிஸ்ர நடைக்கு இன்னும் மோசம்: 24ஐ ஏழால் வகுத்தால் 3.43.

மூன்று, நாலு, ஐந்து, ஏழு, கூடவே மிடியின் 24, இவ்வளவும் மீதியின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் 840. ஆகவே பெட்டிக்குள் ஒரு தட்டை 840 டிக்காக வெட்டுங்கள். திஸ்ரத்தில் ஒரு படி 280 டிக், சதுஸ்ரத்தில் 210, ஐந்தான கண்டத்தில் 168, ஏழான மிஸ்ரத்தில் 120. வெளியே போகும் மிடி துடிப்பு 35 டிக்குக்கு ஒன்று. எங்கும் பின்னம் இல்லை. சங்கீர்ணம் வேண்டும் என்பவர்கள் 2520க்குப் போகலாம். அது ஒன்பதாலும் வகுபடும். நானோ அதையும் தாங்கும், ஆனால் மற்ற வேலைகளுக்குக் கிடைக்கும் நேரம் மூன்றில் ஒன்றாகிவிடும். ஒன்பதுக்கு அவ்வளவு தேவை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

டிக்கை எதில் பிறப்பிப்பது? டிலே கட்டளையில் (இவ்வளவு நேரம் சும்மா நில் என்பது) வேண்டவே வேண்டாம். 125 மில்லிவினாடி டிலே போட்டு, இடையில் பொத்தான் படிக்கவும் எல்இடி மாற்றவும் 3 மில்லிவினாடி போனால் படி 128 ஆகிறது. 120 என்று காட்டும் பெட்டி 117இல் ஓடும். அதுவாவது ஒரே சீராக ஓடுமா என்றால், பொத்தான் அழுத்தும்போது இன்னும் தாழும். மில்லிஸ் என்ற மில்லிவினாடி எண்ணியும் நம்பத்தக்கதல்ல. நானோவில் அது உண்மையில் 1.024 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஏறி, அவ்வப்போது ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்துச் சரிக்கட்டுகிறது. 840 டிக் என்றால் 120 வேகத்தில் ஒரு டிக் 595 மைக்ரோவினாடிதான், மில்லிஸுக்கு அது கண்ணிலேயே படாது.

டைமர்1ஐ (நானோவுக்குள் தனியாக எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம்) சிடிசி முறையில் (எல்லையைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்புவது), பிரீஸ்கேலர் 1இல் (துடிப்பைக் குறைக்காமல் எண்ணுவது) வையுங்கள். அந்த எல்லையை வைக்கும் ஓசிஆர்1ஏ பதிவேட்டில் எழுதவேண்டிய எண்: 11,42,857ஐ வேகத்தால் வகுத்து ஒன்று கழித்தது. 120 வேகத்துக்கு 9523. டைமர்1 16 பிட் என்பதால் 65,535க்கு மேல் எழுத முடியாது. நிமிடத்துக்கு 18 தட்டு வரை அந்த எல்லை நம்மைத் தொடாது. 24 டிக் வைத்து, பிரீஸ்கேலர் 8இல் கட்டிய பெட்டிகள் 77 வேகத்துக்குக் கீழே இறங்கியதும் பைத்தியம் பிடித்ததுபோல ஓடுவதற்கு இதுதான் காரணம். 70 வேகத்துக்கு அங்கே 71,428 எழுதவேண்டும். பதிவேட்டில் 65,536 போக மீதி 5892 மட்டும் தங்கும். பெட்டி 848 வேகத்தில் பறக்கும்.

இன்னொரு குழி: வேகத்தைத் திருகும்போது ஓசிஆர்1ஏவை நினைத்த நேரத்தில் மாற்றாதீர்கள். எண்ணிக்கை 9000இல் இருக்கும்போது புது எல்லையாக 8500 எழுதினால், டைமர் அந்த எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அது 65,535 வரை ஏறி, சுழன்று, முதலிலிருந்து வரவேண்டும். அந்த ஒரு டிக் 4 மில்லிவினாடிக்கும் மேல் நீளும். வேகத்தைக் கூட்டக் கூட்ட பாட்டு இடறிக்கொண்டே கூடும். புது எண்ணை ஒரு மாறியில் போட்டுவைத்து, இன்டரப்டுக்குள் (டைமர் எல்லையைத் தொட்டதும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் பகுதி) நுழைந்த முதல் வரியில் மாற்றுங்கள். அப்போது எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

இன்டரப்டுக்குள் வேறு என்ன செய்யலாம்? ஒரு பைட் அளவுள்ள ‘நிலுவை’ மாறியில் ஒன்றைக் கூட்டலாம். அவ்வளவுதான். நோட்டு அனுப்புவது, எல்இடி, டிஏசி எதையும் அங்கே வைக்காதீர்கள். 595க்குப் பாதி பிட்கள் போய்க்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் வந்து ஐசிகளுக்குப் பொதுவான அதே எஸ்பிஐ கம்பியில் டிஏசிக்கு எழுதினால் எல்இடியும் கோளாறு, சுருதியும் கோளாறு. முதன்மைச் சுற்று ‘முடித்தது’ என்று தனக்கு ஒரு எண் வைத்துக்கொண்டு, நிலுவையோடு ஒப்பிட்டு, இடைவெளி எத்தனையோ அத்தனை டிக்கையும் ஒவ்வொன்றாக நடத்தித் தீர்க்கவேண்டும். ‘டிக் வந்திருக்கிறதா, ஆம் அல்லது இல்லை’ என்று ஒரு கொடி மட்டும் வைத்தால், சுற்று தாமதமான வேளையில் இரண்டு டிக் ஒன்றாகச் சுருங்கிவிடும். மேட்டுப்பாளையம் ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் ஓடும் பல்பட்டை இரண்டு வரிசையாக, பற்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். ஒரு பல் விடுபடும் நேரத்தில் அடுத்தது பிடித்திருக்கும். ஒரு பல்லையும் தாண்டாமல் ஏறுவதால்தான் வண்டி மேலே போகிறது. டிக் கணக்கும் அந்த ரகம்தான்.

முதன்மைச் சுற்று ஒருமுறை ஓட 595 மைக்ரோவினாடிக்குள் முடிந்தால் நல்லது. ஒரு பாட் நிலையைப் படிக்க நூற்றுச் சொச்சம் மைக்ரோவினாடி ஆகும். எட்டையும் ஒரே சுற்றில் படித்தால் கணக்கு உடைந்தது. சுற்றுக்கு ஒரு பாட் படியுங்கள். எட்டுச் சுற்றில் எல்லாம் வந்துவிடும், கை அவ்வளவு வேகமாகத் திரும்பாது. படித்த எண் பழையதிலிருந்து ஐந்தாறு எண்ணாவது நகர்ந்திருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஸ்வரத்தின் எல்லையில் நிற்கும் நாப் யாரும் தொடாமலே துடித்துக்கொண்டிருக்கும்.

எட்டு பாட், பதினாறு படி என்பதால் பக்கம் மாற்றவேண்டும். பக்கம் மாறியதும் நாப் காட்டும் இடமும் சேமித்த ஸ்வரமும் வேறுவேறாக இருக்கும். நாப் சேமித்த மதிப்பைக் கடக்கும்வரை அதைப் பொருட்படுத்தாமல் இருக்க எழுதுங்கள். இது இல்லாத பெட்டியில் பக்கம் மாற்றி விரல் பட்டாலே பாட்டு குலையும்.

நாபின் 1024 எண்ணை அரைஸ்வரங்களாகப் பிரிப்பதைவிட ராகத்தின் ஸ்வரங்களாகப் பிரிப்பது கைக்கு இதம். மோகனம் 0, 2, 4, 7, 9. ஹம்சத்வனி 0, 2, 4, 7, 11. மாயாமாளவகௌளை 0, 1, 4, 5, 7, 8, 11. இரண்டு ஆக்டேவ் மோகனத்தில் மேல் ஷட்ஜமத்தோடு 11 ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் 93 எண் அகலம் கிடைக்கும், இருட்டில்கூடப் பிடிக்கலாம். கமகத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதைக் கமகம் என்று பெயர்சூட்டுவது, ஊட்டி வர்க்கியை பிஸ்கட் என்று சொல்வது மாதிரி.

மிடி கம்பி

வெளியே போகும் மிடிக்கு இரண்டு 220 ஓம் ரெசிஸ்டர் போதும். ஒன்று 5 வோல்ட்டிலிருந்து டின் சாக்கெட்டின் 4ஆம் காலுக்கு, மற்றது நானோவின் டிஎக்ஸிலிருந்து (அனுப்பும் கால்) 5ஆம் காலுக்கு, 2ஆம் கால் கிரவுண்ட். கால்கள் வளைவில் 1, 4, 2, 5, 3 என்று வரும். பின்பக்கம் பற்றவைக்கும்போது இடவலம் மாறும். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் இருக்கும், லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு ஈயத்தை வையுங்கள். 4உம் 5உம் மாறிப்போனால் எதுவும் கெடாது, ஓசைதான் வராது. சீரியல் வேகம் 31,250. 16 மெகாஹெர்ட்ஸில் அது மீதியின்றி வகுபடுவதால் பிழையே இல்லை.

உள்ளே வரும் மிடிக்கு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் செய்தியைக் கடத்தும் ஐசி, இங்கே 6என்138) கட்டாயம். டின் 4 ஒரு 220 ஓம் வழியாக 6என்138இன் 2ஆம் காலுக்கு, டின் 5 நேராக 3ஆம் காலுக்கு, அவற்றின் குறுக்கே ஒரு 1என்4148, கோடுள்ள முனை 2ஆம் காலில். டின் 2ஐ இங்கே எதனோடும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆப்டோகப்ளர் வைத்ததே வீண். ஐசியின் 8ஆம் கால் 5 வோல்ட், 5ஆம் கால் கிரவுண்ட், 6ஆம் காலிலிருந்து நானோவின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் கால்), அதில் 470 ஓம் புல்-அப், 7ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். கடையில் 6என்138 இல்லை என்று பிசி817 நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு பிட்டின் நீளம் 32 மைக்ரோவினாடி. அந்த வேகத்துக்கு அது திணறி பைட்களைச் சிதைக்கும். ஆர்எக்ஸ் வயரில் ஒரு ஜம்பர் வையுங்கள். புரோகிராம் ஏற்றும்போது அதைக் கழற்றாவிட்டால் ஆப்டோகப்ளரும் யுஎஸ்பியும் ஒரே காலுக்குச் சண்டை போடும், ஏற்றம் பாதியில் நிற்கும்.

ஒரு நோட்டுச் செய்தி மூன்று பைட், 0.96 மில்லிவினாடி. ஒரே படியில் நாலு தடமும் ஒலித்தால் நாலாவது கிட்டத்தட்ட 4 மில்லிவினாடி பிந்தும். தாள வாத்தியத்தை முதலில் அனுப்புங்கள். அதன் தாமதம்தான் காதுக்குத் தெரியும், தம்புரா போன்ற நீண்ட ஓசைக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

நிற்காமல் கத்தும் நோட்டு எல்லோருக்கும் வரும் கோளாறு. படி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நாபைத் திருகினால், அணைக்கும் செய்தி புது ஸ்வரத்தின் எண்ணோடு போகிறது. பழைய ஸ்வரத்தை யாரும் அணைப்பதில்லை. இப்போது எது ஒலிக்கிறது என்று தடத்துக்கு ஒரு பைட்டில் குறித்துவைத்து, அதையே அணையுங்கள். நிறுத்தும் பொத்தானில் ஒவ்வொரு சேனலுக்கும் 123ஆம் கன்ட்ரோலையும் (எல்லா ஸ்வரத்தையும் அணை என்பது) அனுப்பிவிடுங்கள்.

வேறொரு கருவியின் வேகத்துக்கு ஓடும்போது 250 என்ற தொடக்க பைட் வந்ததும் முதல் படியை அடிக்கக் கூடாது. அதற்கு அடுத்து வரும் 248தான் முதல் துடிப்பு. இரண்டு 248களுக்கு நடுவிலான நேரத்தை 35ஆல் வகுத்து உள் டிக்குகளை ஓட்டுங்கள். 34ஐ எட்டியும் அடுத்த 248 வரவில்லையென்றால் அங்கேயே காத்திருங்கள், முந்திக்கொள்ள வேண்டாம்.

வோல்ட்டில் சுருதி

எம்சிபி4822ஐ இரட்டிப்பு கெயினில் வைத்தால் 4095க்கு 4.095 வோல்ட், ஒரு எண்ணுக்கு ஒரு மில்லிவோல்ட், கணக்குக்கு அல்வா. ஆனால் அதற்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் (அளவுகோலான வோல்ட்) 2 சதவீதம் வரை பிசகலாம். 4 வோல்ட்டில் அது 80 மில்லிவோல்ட், ஏறக்குறைய ஒரு முழு அரைஸ்வரம். எனவே 1, 2, 3, 4 வோல்ட்டை எழுதி, மல்டிமீட்டரில் அளந்து, பெருக்கும் எண்ணைத் திருத்துங்கள். அளக்கும்போது சிந்தசைசரின் கேபிள் செருகியே இருக்கட்டும். பாதுகாப்புக்கு ஜாக்கில் போடும் 1 கிலோஓம், சிந்தசைசரின் 100 கிலோஓம் உள்ளீட்டோடு சேர்ந்து ஒரு சதவீதத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 10 மில்லிவோல்ட் இறங்கும். கேபிள் இல்லாமல் அளந்தவர்களுக்குத்தான் ‘கீழே சேருகிறது, மேலே சேரவில்லை’ என்ற தலைவலி.

பனியும் கரண்டும்

மூடுபனி வீட்டுக்குள் வரும் காலத்தில் கார்பன் பாட்டின் தடம் ஈரம் குடித்து அதன் ஓம் மாறும். பயப்பட வேண்டாம்: பாட்டை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பங்கிடும் விதமாக இணைத்திருப்பதால் மொத்தம் மாறினாலும் விகிதம் மாறாது. தொல்லை தருவது உள்ளே தேய்த்துக்கொண்டு ஓடும் தொடுமுனை. அதில் ஈரமும் ஆக்சைடும் சேர்ந்தால் எண் தாவும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது முறை முழுக்கத் திருகினால் அடங்கும். குளிர்ந்த பெட்டியை அடுப்படி மாதிரிச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே பவர் போடாதீர்கள். அலுமினிய முகப்பில் மூச்சுவிட்ட கண்ணாடிபோல நீர்த்துளி படர்ந்திருந்தால், உள்ளே போர்டிலும் அதுவே படர்ந்திருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறவுங்கள். பற்றவைத்த பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, காய்ந்தபின் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத மேற்பூச்சு) ஒரு கை. பற்றவைத்தபோது படிந்த ஃபிளக்ஸ் மிச்சம் ஈரத்தை இழுத்துவைக்கும்.

குளிர்ந்த அறையில் 25 வாட் அயர்னால் கனமான கிரவுண்ட் வயரைப் பற்றவைத்தால் ட்ரை சால்டர் நிச்சயம். ஈயம் உருண்டையாக, மங்கலாக நின்றால் அது பிடிக்கவில்லை. வழிந்து பளபளத்தால் பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைப் பென்சில் முனையால் தட்டிப் பாருங்கள், எங்கே தட்டினால் பாட்டு அறுகிறதோ அங்கேதான்.

சேமிப்புக்கு நானோவின் இஇபிராம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) 1024 பைட். நாலு தடம், பதினாறு படி, படிக்கு 2 பைட், தடத்துக்கு நீளமும் நடையும் என்று கூட்டினால் 136 பைட். ‘இது முழுமையானது’ என்று சொல்லும் ஒரு பைட்டையும் சேர்த்து 137. ஏழு பாட்டு அடங்கும். ஒரு பைட் எழுத 3.3 மில்லிவினாடி என்பதால் மொத்தமாக எழுதினால் அரை வினாடிக்குப் பக்கத்தில் பெட்டி உறையும். சுற்றுக்கு ஒரு பைட்டாக, முந்தையது முடிந்ததா என்று பார்த்து எழுதுங்கள். அந்த முழுமை பைட்டை முதலில் அழித்து, எல்லாம் எழுதியபின் கடைசியாகப் போடவேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதிப் பழசு, பாதிப் புதுசு என்று குப்பை ஒலிக்காது. அந்தப் பாட்டு காலி என்று பெட்டியே சொல்லிவிடும்.

பவர் பேங்கில் ஓட்டலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பெட்டி டிஸ்பிளேயின் பிரகாசத்தைக் குறைத்தபின் மிகக் கொஞ்சமே இழுக்கும், பல பவர் பேங்க்குகள் அதை ‘ஏதும் செருகவில்லை’ என்று எண்ணித் தாமாக அணைந்துவிடும். அடாப்டரில் ஓட்டும்போது உலோக முகப்பைத் தொட்டால் எறும்பு ஊறுவதுபோல இருந்தால் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கசிவு அது. பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருந்தும் பின்னால் எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம்; எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சிந்தசைசரில் சீறல் கேட்டால் வோல்ட் கேபிளை உருவிவிட்டு மிடியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சீறல் நின்றால் குற்றவாளி கிரவுண்ட் சுழல் (கிரவுண்ட் இரண்டு வழியாகச் சேர்வதால் வரும் இரைச்சல்).

பக்கப் பலகைக்கு சில்வர் ஓக் தாராளமாகக் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து அறுங்கள். ஈரக் கட்டை சுருங்கும்போது முகப்புத் தகட்டின் ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும். திருகும் பாட்களுக்கும் என்கோடருக்கும் 7 மில்லிமீட்டர் துளை, எல்இடிக்கு 3. பொத்தான்களை நாலு நாலாக இடைவெளி விட்டு அடுக்காதீர்கள், மறுபடி பதினாறுக்குள்ளேயே போய் மாட்டிக்கொள்வோம். சம இடைவெளியில் அடுக்கி, பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதை எல்இடி காட்டட்டும்: 3, 2, 2 என்றால் 1, 4, 6ஆம் படிகள் எப்போதும் மங்கலாக எரியலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ஒரு தடத்துக்கு 7 படி, இன்னொன்றுக்கு 8, இரண்டும் சதுஸ்ரம், வேகம் 120. இரண்டிலும் முதல் படியில் மட்டும் ஓசை. ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 56 படிக்கு ஒருமுறை, அதாவது சரியாக 7 வினாடிக்கு ஒருமுறை, இரண்டும் ஒன்றாக விழவேண்டும். 9 வினாடி ஆகிறதென்றால், படி எண்ணை முதலுக்குத் திருப்பும் வரியில் ‘பெரிது அல்லது சமம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘பெரிது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெட்டி ஏழை எட்டாகவும் எட்டை ஒன்பதாகவும் எண்ணிக்கொண்டிருக்கிறது.